தாங்கள் அனுப்பிய டிக்கெட்டுகள் விஷயமாக

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய சம்பந்தி அவர்களுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதித்தான் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும். முறை தவறாதவன் என்பதால் எழுதிவிட்டேன். உண்மை அடுத்த வரியிலிருந்து ஆரம்பமாகிறது. தங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்றும் கேட்க வேண்டும். கேட்டுவிட்டேன். தேவலையாகத்தான் இருக்கும். வரிசையில் நிற்காத முழங்காலுக்கு என்ன வந்துவிடப் போகிறது.

இதைத் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாமே என்று தங்களுக்குத் தோன்றலாம். தாங்கள் காலமெல்லாம் பல் டாக்டராக இருந்தவர். வாயை அகலத் திறந்துகொண்டு, பதில் பேச வழியில்லாமல் சாய்ந்து கிடப்பவர்களிடம் பேசிப் பேசியே பழகியவர். தொலைபேசியிலும் எதிராளியை அந்த நிலையில்தான் வைத்திருக்கிறீர்கள். நம் பிள்ளைகளுக்குக் கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நான் தங்களிடம் ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்லி முடித்ததாக ஞாபகமில்லை. கடிதத்தில் அந்தத் தொந்தரவு கிடையாது. இங்கே நான் பேசுவேன், தாங்கள் வாயைத் திறந்து வைத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். பேத்தியின் பிறந்தநாளுக்கு என்று கேளிக்கைப் பூங்காவுக்கு நான்கு டிக்கெட்டுகளை அனுப்பியிருந்தீர்கள். ‘எல்லோரும் போய் வாருங்கள், வயதானவர்களுக்கும் ஒரு மாற்றம் தேவை’ என்று ஒரு துண்டுத் தாளில் எழுதியும் வைத்திருந்தீர்கள். அந்தத் தாளைப் படித்தபோது, ஆகா, என்ன நல்ல மனசு என்று நினைத்தேன். அந்த ‘மாற்றம்’ என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று இப்போதுதான் புரிகிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன். தங்களைப் போல நடுவில் விட்டுவிட்டு வேறு பேச்சுக்குத் தாவுகிற பழக்கம் எனக்கில்லை.

நான் பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்தவன் என்பது தாங்கள் அறிந்ததே. பிள்ளைகள் எனக்கு ‘விசில்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெற்ற நாள்வரை நான் செய்த ஒரே காரியம் மனிதர்களை வரிசையில் நிறுத்தியதுதான். வரிசை என்றால் ஒரு தலை தெரிய வேண்டும், ஒரு வால் தெரிய வேண்டும். கையை நீட்டினால் முன்னால் நிற்பவன் தோள் தொடும் தூரம் இருக்க வேண்டும். நான் ஊதினால் நிற்க வேண்டும், மறுபடி ஊதினால் நகர வேண்டும். அந்தப் பூங்காவில் நான் பார்த்தது வரிசையே அல்ல. அது ஒரு குடல். ஏதோ ஒரு பெரிய மிருகம் ஊர்ச்சனம் மொத்தத்தையும் காலையில் விழுங்கிவிட்டு, வளைத்து வளைத்து, அவசரமில்லாமல் செரித்துக்கொண்டிருந்தது. சாயங்காலம் அது எங்களை வெளியே தள்ளிய விதத்தை நான் எழுத மாட்டேன். தாங்கள் டாக்டர், ஊகித்துக்கொள்வீர்கள்.

வாசலில் உள்ளே போக ஒரு வரிசை. உள்ளே போனதும் பையைச் சோதிக்க ஒரு வரிசை. அங்கே என் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கிக் கூடையில் போட்டார்கள், உள்ளே தண்ணீர் விற்கிறார்களாம். அடுத்து கையில் காகித வளையம் கட்ட ஒரு வரிசை. போன், சாவி எல்லாவற்றையும் பெட்டிக்குள் வைத்துப் பூட்ட ஒரு வரிசை. இதெல்லாம் முடிந்தபிறகு பேத்தி ஆசைப்பட்ட ‘தலைகீழ் ரயிலு’க்கு வந்தோம். மலை உயரத்துக்கு ஏறி, அங்கிருந்து தலைகுப்புற விழுந்து, இரண்டு குட்டிக்கரணம் போட்டுவிட்டு, ஏறின இடத்துக்கே திரும்பி வருகிற ரயில். எங்கும் கொண்டுபோய்ச் சேர்க்காத ரயிலுக்காக இவ்வளவு கூட்டம் காத்து நின்றதை நான் என் ஆயுளில் பார்த்ததில்லை.

இரும்புக் குழாய்களை நட்டுப் பாதையைக் கோணல்மாணலாக மடித்து வைத்திருந்தார்கள். ‘இங்கிருந்து நாற்பது நிமிடம்’ என்று ஒரு பலகை. சரி, நாற்பது நிமிடம்தானே என்று நின்றோம். நின்றோம், நகர்ந்தோம், மறுபடி நின்றோம். குழாயில் கை வைத்து வைத்து ஜனங்கள் அதைக் கண்ணாடி மாதிரி பளபளப்பாக்கி வைத்திருந்தார்கள். அதில் என் முகம் கோணலாகத் தெரிந்தது. வெகுநேரம் கழித்து அடுத்த பலகை வந்தது. ‘இங்கிருந்து ஒரு மணி நேரம்’ என்று போட்டிருந்தது. பேத்தி இரண்டையும் எழுத்துக் கூட்டிப் படித்தவள், “தாத்தா, நாம பின்னாடியா போயிட்டிருக்கோம்?” என்று கேட்டாள். ஓய்வு பெற்ற நாளிலிருந்து எனக்குள் இருக்கிற கேள்வி அது.

வெயிலுக்கு இதமாக இருக்கட்டும் என்று பெரிய மின்விசிறி ஒன்று தண்ணீரைத் தெளித்துக்கொண்டிருந்தது. அது என் மூக்குக் கண்ணாடியைத் தவிர வேறு எதையும் நனைக்கவில்லை. தலைக்கு மேலே ஒரு ஒலிபெருக்கி, ‘மகிழ்ச்சி உங்களுக்காகக் காத்திருக்கிறது’ என்று ஒரு பெண்குரலில் சொல்லிச் சொல்லிக் காதைத் துளைத்தது. யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்பது அந்த அம்மாளுக்குத் தெரியவில்லை. எங்களுக்குப் பக்கத்திலேயே கம்பளம் விரித்து இன்னொரு பாதை காலியாகக் கிடந்தது. கூடுதலாகப் பணம் கொடுத்துத் தங்க நிற வளையம் கட்டிக்கொண்டவர்கள் அதில் நடந்து நேராக ரயிலில் போய் உட்கார்ந்தார்கள். பொது வார்டைத் தாண்டித் தனி அறைக்குப் போகிறவர்கள் படுத்திருப்பவர்களைப் பார்க்காமல் போவார்களே, அப்படிப் போனார்கள்.

எங்களுக்குப் பின்னால் ஒரு கனத்த மனிதர் தன்னந்தனியாக நின்றார். பாவம், தனியாக வந்திருக்கிறாரே என்று பரிதாபப்பட்டுப் பேச்சுக் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் அவருடைய மனைவி குழாய்க்கு அடியில் குனிந்து வந்தார். அப்புறம் மைத்துனர், மைத்துனரின் பிள்ளைகள், ஐஸ்கிரீமோடு ஒரு சித்தி, பலூனோடு ஒரு கூட்டம். வந்தவர்களில் பாதிப்பேர் எனக்கு முன்னால் போய் நின்றுவிட்டார்கள். இது முறையா என்று கேட்டேன். அவர் கோபப்படக்கூட இல்லை. “நீங்களும் உங்க ஆளுங்களைக் கூப்பிட்டுக்கோங்க சார், நான் வேணாம்னா சொன்னேன்?” என்றார். சட்டைப்பைக்குக் கை போனது. விசில் இல்லை. இருந்திருந்தாலும் ஊதியிருக்க மாட்டேன், அந்த ஆள் என் மருமகளின் காலடியில் சிந்தாமல் ஐஸ்கிரீம் சாப்பிடவே தெரியாதவர், விசிலுக்கா அடங்கப் போகிறார்.

இந்தச் சமயத்தில்தான் என் வயதுக்குரிய உபாதை வந்து சேர்ந்தது. எதைச் சொல்கிறேன் என்று தங்களுக்குத் தெரியும், தங்களுக்கும் அதே வயதுதான். பேத்தியும் தனக்கும் போக வேண்டும் என்றாள். காவலரிடம் கேட்டேன், “போயிட்டு வாங்க பெரியவரே, இடம் எங்க ஓடிடப் போகுது” என்றார் பெருந்தன்மையாக. அங்கேயும் வரிசை இருந்தது, அதை விடுங்கள். வரிசையென்று அங்கே மட்டும்தான் ஜனங்கள் உண்மையான அக்கறையோடு நின்றார்கள். குழந்தையைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தால் காவலர் மாறிவிட்டார். புதியவர் என்னை மேலும் கீழும் பார்த்து, “எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க, பின்னாடி போங்க” என்றார். என் பிள்ளை முன்னால் நிற்கிறான் என்றேன். எல்லோருடைய பிள்ளையும் முன்னால்தான் நிற்கிறான் என்றார். சம்பந்தி அவர்களே, எத்தனை ஆயிரம் பிள்ளைகளை ‘பின்னாடி போய் நில்’ என்று நான் அனுப்பியிருப்பேன். என்னை ஒருவன் அனுப்பியது அதுதான் முதல் தடவை. போன் பெட்டிக்குள் இருந்தது. நானும் பேத்தியும் வாலில் போய் நின்றோம்.

குடல் என்று சொன்னேன் அல்லவா, அதில் ஒரு விசித்திரம் உண்டு. முன்னால் போகிறவர்கள் மடங்கித் திரும்பி வரும்போது, பின்னால் இருப்பவர்களைக் குழாய்க்கு அந்தப் பக்கம் உரசிக்கொண்டு கடக்க வேண்டியிருக்கும். மடிப்புக்கு மடிப்பு அதே முகங்களைப் பார்க்கலாம். கொஞ்ச தூரம் போனதும் என் மகனும் தங்கள் மகளும் எதிர்த்திசையில் வருவது தெரிந்தது. கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தேன். நடுவே அந்தப் பலூன் கூட்டம் நின்றதால் அவர்கள் என்னைக் கவனிக்கவில்லை. பேத்தி தூரத்தில் வேடிக்கை காட்டிக்கொண்டிருந்த முயல் வேஷக்காரனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது தங்கள் மகள் சொன்னது என் காதில் தெளிவாக விழுந்தது.

“அப்பா ஒத்துக்கவே மாட்டாரு. வீட்டை விட்டுக் கிளம்ப மாட்டேன்னு ஒரே பிடியா நிப்பாரு.”

அதற்கு என் மகன், “பக்குவமா சொல்லிக்கலாம். இன்னிக்கு எப்படியாவது பேச்சை எடுத்துடணும், அதுக்குத்தானே வந்திருக்கோம்” என்றான். அதற்குள் வரிசை நகர்ந்து, அவர்கள் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் போய்விட்டோம்.

தங்கள் மகள் கல்யாணமாகி வந்த அன்றே என்னை ‘மாமா’ என்று கூப்பிட மாட்டேன், ‘அப்பா’ என்றுதான் கூப்பிடுவேன் என்றாள். வந்தவர் போனவரிடமெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிப் பூரித்தவன் நான். அந்த வாயிலிருந்து அந்தச் சொல் அன்றைக்கு இப்படி வந்தது. நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன். பேத்தியிடம், நாம் அம்மா அப்பாவுக்குத் தெரியாமல் ஒளிந்து ஒளிந்து போவோம், இது ஒரு விளையாட்டு என்று சொன்னேன். அவளுக்கு ஒரே குஷி. அதன்பிறகு ஒவ்வொரு மடிப்பிலும் அவள் குழாய்க்குக் கீழே உட்கார்ந்துகொண்டு வாயைப் பொத்திச் சிரித்தாள். நான் யாராவது அகலமான ஆசாமியின் முதுகுக்குப் பின்னால் நின்று காதைத் தீட்டிக்கொண்டேன். மரியாதையான காரியம் இல்லைதான். மரியாதையான இடத்துக்குத் தாங்கள் எங்களை அனுப்பவில்லையே.

அடுத்த மடிப்பில் மகன் பேசிக்கொண்டிருந்தான். கட்டில், பீரோ எல்லாவற்றையும் விற்றுவிடலாம், இந்த வயதில் எதற்கு இத்தனை சாமான் என்றான். அந்தப் பீரோவில் என் மனைவியின் துணிமணிகள் இன்னும் மடித்தபடி இருக்கின்றன. அவனுக்கும் அது தெரியும். விற்றுவிடலாம் என்று, பழைய செய்தித்தாளைச் சொல்வதுபோலச் சொன்னான். அதற்கடுத்த மடிப்பு வருவதற்குள் ரயில் ஏதோ கோளாறு என்று நின்றுவிட்டது. ‘தொழில்நுட்பக் காரணங்களுக்காக’ என்று அதே பெண்குரல் அதே சந்தோஷத்தோடு அறிவித்தது. நான் ஒரு கோடியிலும் அவர்கள் ஒரு கோடியிலும் அசையாமல் நின்றோம். கால் கடுத்தது, தொண்டை வறண்டது. கதையின் மிச்சத்தைக் கேட்பதற்காகவாவது அந்தப் பாழாய்ப்போன ரயில் ஓடித் தொலையட்டும் என்று வேண்டிக்கொண்டேன். என்னைத் துரத்துகிற கதையைக் கேட்க நானே அவசரப்பட்டேன் பாருங்கள், அதுதான் அந்த வரிசையின் சாமர்த்தியம்.

ஒருவழியாக நகர்ந்தது. மூன்றாவது மடிப்பில் தங்கள் மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். “ரூம்ல இன்னொருத்தரோட இருக்கணுமே, ஒத்துப்போகுமா?” என்று கேட்டாள். “ரெண்டு கட்டில் தாராளமா போடலாம். வயசானவங்கதானே, பேச்சுத் துணையாயிருக்கும்” என்றான் என் மகன்.

அப்போது எல்லாம் விளங்கிவிட்டது. அறைக்கு இரண்டு பேர், இரண்டு கட்டில், பேச்சுத் துணை. எந்த மாதிரி இடத்தில் அப்படிப் போடுவார்கள் என்று எனக்குத் தெரியாதா? என் கூட வேலை பார்த்த கணக்கு வாத்தியாரை அப்படி ஓர் இல்லத்தில்தான் சேர்த்திருக்கிறார்கள். பார்க்கப் போயிருந்தேன். பக்கத்துக் கட்டில்காரர் நாள் முழுக்கச் சுவரோடு பேசிக்கொண்டிருந்தார். கணக்கு வாத்தியார் என்னிடம், “சாப்பாட்டு மணி அடிச்சா வரிசையில நிக்கணும்யா, உனக்கு இங்க பிரச்சினையே இருக்காது” என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அந்த வெயிலில் ஞாபகம் வந்தது. குழாயைப் பிடித்துக்கொண்டேன். சுடச்சுட இருந்தது, விடவில்லை.

அந்த நேரம் பார்த்து முயல் வேஷக்காரன் வரிசையில் நிற்பவர்களை மகிழ்விக்க வந்தான். பெரிய பஞ்சுக் கையால் என் தலையைத் தடவிக் கொடுத்து, கன்னத்தில் இரண்டு தட்டு தட்டிவிட்டுப் போனான். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். பிறகு அவன் கடை மறைவில் ஒரு வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து, முயல் தலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, வியர்வை சொட்டச் சொட்டத் தண்ணீர் குடித்ததைப் பார்த்தேன். அந்தப் பூங்கா முழுக்க என்னிடம் ஆறுதலாக நடந்துகொண்ட ஒரே ஜீவன் அதுதான். அதுவும் சம்பளத்துக்கு.

கடைசி மடிப்பில் அவர்கள் சொன்னதையும் எழுதிவிடுகிறேன். “பாப்பாகிட்ட இப்ப மூச்சு விடக் கூடாது. தாத்தாகிட்ட போய் உளறிடுவா” என்றாள் தங்கள் மகள். பாப்பா என் காலடியில் ஒளிந்து உட்கார்ந்து, தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று தெரியாமல், எனக்குச் சைகை காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ரயிலடியில் அவர்கள் எங்களுக்காக ஒதுங்கிக் காத்திருந்தார்கள். எங்கேப்பா போயிட்டீங்க, எவ்வளவு நேரமாகத் தேடுகிறோம் என்று மகன் பதறினான். நன்றாகவே பதறினான். அங்கே ஒட்டகச்சிவிங்கி உருவத்தில் ஒரு பலகை நட்டு வைத்திருந்தார்கள். அதன் தோளளவு இருக்கும் குழந்தைகளைத்தான் ஏற்றுவார்களாம். பேத்தி நிமிர்ந்து நின்றாள், எக்கி நின்றாள், தலைமுடியைத் தூக்கிக்கூடப் பிடித்துப் பார்த்தாள். முடியாது என்று சொல்லிவிட்டார்கள். இந்தச் சிவிங்கியை வரிசையின் ஆரம்பத்தில் நட்டிருக்கக் கூடாதா என்று கேட்டேன். அங்கே நட்டால் யாரும் நிற்க மாட்டார்கள் சார் என்று அந்த ஊழியர் ரொம்ப உண்மையாகச் சொன்னார். குழந்தை அழவே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ‘பரவால்ல தாத்தா, நாம ஒளிஞ்சு விளையாடினோமே’ என்றாள். தங்கள் மகள் அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள்.

நானும் போயிருக்கலாம். போகவில்லை. இவ்வளவு நேரம் நின்றவன் ஏறாமல் இறங்கினால், அந்தச் சிவிங்கிக்கும் பின்னால் போகச் சொன்ன காவலருக்கும் என்னைக் கட்டில் போட்டு ஒதுக்கப் பார்க்கிறவர்களுக்கும் ஒரே சமயத்தில் தோற்றமாதிரி ஆகிவிடும். ஏறுவேன் என்றேன். வயது கேட்டார்கள், குறைத்துச் சொன்னேன். இதயம் எப்படி என்றார்கள், காலையில் நன்றாக இருந்தது என்றேன். கண்ணாடியைக் கழற்றச் சொன்னார்கள். அப்புறம் அந்த ஊழியர் என் வாயை உற்றுப் பார்த்துவிட்டு, பல்செட் இருந்தால் அதையும் கழற்றித் தட்டில் வைக்கச் சொன்னார். தாங்கள் தங்கள் கையாலேயே அச்செடுத்துச் செய்து கொடுத்த பல். எலும்பு மாதிரி உட்காரும், யாருக்கும் தெரியாது என்று தாங்கள் பெருமையடித்துக்கொண்ட பல். அந்தப் பையனுக்குத் தெரிந்துவிட்டது. கண்ணில்லாமல் பல்லில்லாமல், தோளுக்கு மேல் இரும்புப் பட்டை இறங்க, மகன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

ரயில் மெதுவாக ஏறி, உச்சிக்குப் போய், விழுவதற்கு ஒரு சாண் முன்னால் நின்றுவிட்டது. மறுபடியும் தொழில்நுட்பக் காரணம். ஆகாயத்திலும் வரிசையில்தான் உட்கார்ந்திருந்தோம். கீழே எறும்பு மாதிரி ஜனம் வளைந்து வளைந்து நின்றிருக்கும், கண்ணாடியில்லாத எனக்குத்தான் எதுவும் தெரியவில்லை. காற்று மட்டும் சுகமாக அடித்தது. இதைவிடத் தனிமை கிடைக்காது, கேட்டுவிடுவோம் என்று தோன்றியது. ‘என்னை எந்த முதியோர் இல்லத்தில் தள்ளப் போகிறாய், நேராக முகத்தைப் பார்த்துச் சொல்’ என்று மகனிடம் கேட்டேன். எவ்வளவு கௌரவமாக, எவ்வளவு நிதானமாகக் கேட்டேன் தெரியுமா. பல் இல்லாததால் வெளியே வந்தது காற்றும் எச்சிலும்தான்.

“என்னப்பா, முடியலையா?” என்றான்.

முதியோர் என்று மறுபடியும் சொன்னேன்.

“முடியலைன்னா கண்ணை மூடிக்கோங்கப்பா. நான் இருக்கேன்ல” என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டான். முதல் நாள் நான் அவனைப் பள்ளிக்கூடத்தில் விட்டபோது அவன் பிடித்த பிடி. அனுப்பப் போகிறவன் எதற்கு அப்படிப் பிடிக்க வேண்டும் என்று யோசிப்பதற்குள் ரயில் விழுந்தது. என் வாழ்க்கையில் நான் சத்தம் போட்டு அழுதது அன்றுதான். எல்லோரும் கத்திக்கொண்டிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. அந்த ஒரு வசதிக்காக அந்த ரயிலைப் பாராட்டுகிறேன்.

இறங்கி வெளியே போகிற வழி ஒரு கடைக்குள்ளே போகிறது. விழுகிற நேரம் பார்த்து அவர்களே புகைப்படம் எடுத்து அங்கே தொங்கவிட்டு விற்கிறார்கள். ஊரார் படங்களுக்கு நடுவே, கிணறு மாதிரி திறந்த வாயோடு நான். என் மகன் அதை வாங்கிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறான். வருகிறவர்களெல்லாம் தாத்தா எவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கிறார் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

வீட்டுக்கு வந்து இரண்டு நாளாகிறது. யாரும் எதுவும் சொல்லவில்லை. புருஷனும் பெண்டாட்டியும் சமையலறையில் குசுகுசுவென்று பேசுகிறார்கள், நான் போனால் மிக்ஸியைப் போட்டுவிடுகிறார்கள். தங்கள் மகள் என்னை வேளாவேளைக்கு முன்னைவிட நன்றாகக் கவனிக்கிறாள். அனுப்பி வைப்பதற்கு முன்னால் அப்படித்தான் செய்வார்கள்.

இந்த யோசனையைக் கொடுத்தது தாங்கள்தான் என்று நான் சொல்லவில்லை. சொல்லுகிற அளவுக்கு நான் பண்பில்லாதவனும் அல்ல. ஆனால் டிக்கெட் தங்களிடமிருந்து வந்தது. ‘மாற்றம்’ என்ற சொல்லும் தங்களிடமிருந்து வந்தது. தாங்கள் மட்டும் முழங்காலைச் சாக்குச் சொல்லி வராமல் ஒதுங்கிக்கொண்டீர்கள். சம்பந்தியம்மா போனதிலிருந்து தாங்கள் அந்தப் பெரிய வீட்டில் ராஜா மாதிரி தனியாக இருக்கிறீர்கள். தங்களை யாராவது கட்டிலோடு கிளப்பப் பார்க்கிறார்களா? இது நான் கட்டிய வீடு. என் அறை ஜன்னலில் உட்கார்ந்தால் காலையில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் தெரிகிறார்கள். ஒருவன்கூட ஒழுங்கான வரிசையில் போவதில்லை, அதைப் பார்த்து மனசுக்குள் திட்டிக்கொண்டிருப்பதுதான் எனக்கு மிச்சமிருக்கிற உத்தியோகம். அதை விட்டுவிட்டு நான் எங்கேயும் போவதாக இல்லை. தங்கள் மகளிடம் இதைத் தாங்களே சொல்லிவிடவும். இனிமேல் நமக்குள் பேச்சுவார்த்தை பேத்தியின் பொருட்டு மட்டுமே. பல்லில் ஏதாவது கோளாறு வந்தால்கூட வேறு டாக்டரிடம் போய்க்கொள்வேன், அவர் மோசமாகக் கட்டினாலும் சரி.

பெரியவர் என்ற முறையில் தங்களுக்கு என் வணக்கங்கள். தங்கள் வீட்டு வேலைக்கார அம்மாளுக்கும் பக்கத்து வீட்டாருக்கும் என் விசாரிப்பைத் தெரிவிக்கவும். எல்லா நலமும் தங்களுக்கே உண்டாகட்டும், எனக்கு வேண்டாம்.

இப்படிக்கு,
இதுவரை தங்கள் அன்புள்ள சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகிற நேரத்தில் தங்கள் மகள் காபியோடு வந்து, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். “அப்பா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும், ரெண்டு மாசமா வாய் வரலை. எங்கப்பாவை இங்கயே கூட்டிட்டு வந்துடலாமா? உங்க ரூம்ல இன்னொரு கட்டில் போடலாமா? அன்னிக்கு வரிசையிலயே கேட்டுடலாம்னு நினைச்சோம், நீங்க எங்கயோ போயிட்டீங்க” என்றாள். தாங்கள் குளியலறையில் விழுந்து, பக்கத்து வீட்டுக்காரர் வந்து தூக்கும்வரை அங்கேயே கிடந்தீர்களாமே. அதை ‘லேசான முழங்கால் வலி’ என்று என்னிடம் சொன்னீர்கள். வாயில் இத்தனை பேச்சு வைத்திருக்கிறவர் இதைச் சொல்லக் கூடாதா?

இத்தனை பக்கத்தையும் கிழித்துப் போடத்தான் நினைத்தேன். ஆனால் பூங்காவைத் திட்டி எழுதியிருக்கும் இடங்கள் நன்றாக அமைந்துவிட்டன. கிழிக்க மனசு வரவில்லை. அவற்றை மட்டும் படித்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை இருவரும் வந்து தங்களை அழைப்பார்கள். அதுவரை தங்களிடம் மூச்சு விடக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள், ஆகவே நான் எதுவும் சொல்லவில்லை. கேட்டதும் சரி என்றுவிடாதீர்கள், சந்தேகம் வரும். கொஞ்சம் முரண்டு பிடியுங்கள். ரொம்பப் பிடித்துவிடாதீர்கள், குழந்தைகள் வாடிப்போய்த் திரும்பி வருவார்கள்.

தங்களுக்கு ஜன்னல் பக்கம். அதற்காக என் கட்டிலை நானே சுவரோரம் இழுத்துப் போட்டேன். இழுத்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டு, இந்தப் பின்குறிப்பை நின்றுகொண்டுதான் எழுதுகிறேன். இதற்கும் தாங்களே பொறுப்பு.